சுடாத ஆம்ப்ளிஃபயர்

ஹை-ஃபை பிரியர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பழைய நம்பிக்கை தலைகாட்டாமல் போகாது. ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் தொட்டால் கை சுட வேண்டும், அப்போதுதான் அது நல்ல ஆம்ப்ளிஃபயர் என்பார்கள். குளிர்ந்து கிடப்பவை கார் ஸ்டீரியோவுக்கும் கல்யாண மண்டப மேடைக்கும் போதும், வீட்டில் உட்கார்ந்து கேட்கும் சங்கீதத்துக்கு ஆகாது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் இதற்கு வலுவான காரணம் இருந்தது. அந்தக் காரணம் போய்ப் பல வருடங்கள் ஆகியும் நம்பிக்கை மட்டும் போகவில்லை. லட்ச ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கிவிட்டு, அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரைத் தேடி அலைபவருக்கு இந்தச் சூட்டின் கணக்கு தெரிந்திருந்தால் நல்லது.

கணக்கை ஸ்பீக்கரிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் பாட்டுக் கேட்கும் அறையில் மின்சாரத்தைப் பெரும் விகிதத்தில் வீணடிப்பது அதுதான்.

1954-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் அக்கௌஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஆழ்ந்த பேஸ் ஒலியை எழுப்ப முடியும் என்று காட்டியது அந்தக் கம்பெனி. அதுவரை நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். பிறகு க்ளாஸ் பிரிந்து போய், மால்கம் லோ, ஜே. ஆண்டன் ஹாஃப்மன் இருவருடன் சேர்ந்து கேஎல்ஹெச் கம்பெனியை அமைத்தார். மூவரின் பெயர்களின் முதலெழுத்துகள்தான் அவை. இந்த ஹாஃப்மன், உலகப் புகழ் பெற்ற பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகன். அப்பா பியானோவில் பேர் வாங்கினார். பிள்ளையின் பேர் ஓர் இரும்பு விதியில் ஒட்டிக்கொண்டது. சின்னப் பெட்டி, ஆழ்ந்த பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிக ஒலி என்ற மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும் என்பதே அந்த விதி. இன்றுவரை யாரும் அதை மீறவில்லை. விலை உயர்ந்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டவை.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் பிபிசியின் எல்எஸ்3/5ஏ. வெளிநிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வேன்களுக்குள் பொறியாளர்கள் ஒலியைச் சரிபார்ப்பதற்காக 1970-களின் முதல் பாதியில் பிபிசியே வடிவமைத்த குட்டி ஸ்பீக்கர் இது. 30 சென்டிமீட்டர் உயரம், 19 அகலம், 16 ஆழம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள விருப்பமில்லாத, ஆனால் பெரிய மானிட்டரை வைக்க இடமும் இல்லாத நெருக்கடிக்குப் பிறந்தது. ராஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத், கெஃப் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கித் தயாரித்தன. மனிதக் குரலை அது எழுப்பும் விதத்துக்காகவே அரை நூற்றாண்டாக அதன்மேல் பித்துப் பிடித்துத் திரிபவர்கள் இருக்கிறார்கள். அதன் உணர்திறன் 82.5 டெசிபெல். அதன் உள்ளே இருந்த ஒலிப்பான்களைத் தயாரித்த கெஃப், தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2012-ல் எல்எஸ்50 என்ற மாடலை வெளியிட்டது. எல்எஸ்3/5ஏ-தான் இதற்குத் தூண்டுதல் என்று கம்பெனியே சொல்லிக்கொண்டது. எல்எஸ்50-ன் உணர்திறன் 85 டெசிபெல்.

இந்த எண்ணுக்குப் பொருள் என்ன? 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் வரும் ஒலியளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். கொடுத்த 1 வாட் முழுவதும் ஒலியாகவே மாறி முன்பக்கம் பரவினால் சுமார் 112 டெசிபெல் கிடைக்க வேண்டும். கிடைப்பது 85. இடைவெளி 27 டெசிபெல், அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. உள்ளே போகும் மின்சாரத்தில் 0.2 சதவீதம்தான் சங்கீதமாக வெளியே வருகிறது. மீதி 99.8 சதவீதமும் பெரும்பாலும் வாய்ஸ் காயில் என்ற செப்புக் கம்பிச் சுருளைச் சூடாக்குவதோடு முடிகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். உரத்த இசை ஓடும்போது சுருள் 100 டிகிரி கூடச் சூடேறினால் அதன் தடை 40 சதவீதம் கூடிவிடும். ஆம்ப்ளிஃபயர் அதே வோல்டேஜைக் கொடுத்தாலும் ஸ்பீக்கர் குறைவாகவே இழுக்கும், உச்சங்கள் அமுங்கும். சின்ன ஸ்பீக்கரை நெருக்கி முடுக்கினால் ஒலி ‘இறுகிப்போகிறது’ என்று சொல்வதில் ஒரு பங்கு இந்தச் சூடுதான். அதற்கு எந்த ஆம்ப்ளிஃபயரிலும் மருந்து கிடையாது.

இனி, சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எத்தனை வாட் வேண்டும் என்று பார்க்கலாம். 85 டெசிபெல் ஸ்பீக்கர் இரண்டு, இரண்டரை மீட்டர் தூரம். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 டெசிபெல் கூடும். தூரத்தால் 8 குறையும். அறையின் சுவர்கள் திருப்பித் தருவதைச் சுமார் 3 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒவ்வொன்றுக்கும் 1 வாட் கொடுத்தால் காதில் விழுவது 83 டெசிபெல். இது கொஞ்சம் சத்தம்தான். இரவில் ஒரு ராக ஆலாபனையை நிதானமாகக் கேட்கச் சராசரி 75 டெசிபெல் போதும். அதற்கு வேண்டியது வாட்டில் ஆறில் ஒரு பங்கு! ஆனால் இசை சராசரியில் நிற்பதில்லை. மிருதங்கத்தின் ஒரு தீர்மானத்திலோ பியானோவின் ஓங்கிய அடியிலோ சராசரிக்கு மேல் 20 டெசிபெல் எகிறும். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு சக்தி. கண நேரத்துக்கு 16 வாட். சராசரியை 80-க்கு ஏற்றினால் உச்சம் 50 வாட்டைத் தொடும். ஆக, ஆம்ப்ளிஃபயர் தன் ஆயுளின் பெரும்பகுதியை அரை வாட்டுக்குக் கீழேயே கழிக்கிறது. எப்போதாவது ஒரு நொடியின் சிறு துளிக்கு மட்டும் அம்பது வாட் கேட்கிறது. இந்த இரண்டு முனைகளையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும்.

சூடான பக்கத்திலிருந்து வருவோம். 1969 ஏப்ரலில் பிரிட்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஜான் லின்ஸ்லி ஹூட் ஓர் எளிய ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். நான்கே டிரான்சிஸ்டர், ஒரு சேனலுக்கு 10 வாட், கிளாஸ் ஏ வகை. இன்றும் உலகெங்கும் அதைக் கையால் பற்றவைத்துக் கட்டுபவர்கள் உண்டு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 27 வோல்ட் சப்ளையில் 1.2 ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். பெருக்கினால் 32 வாட். இரண்டு சேனலுக்கு 65 வாட். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த இழுவை மாறாது. கிளாஸ் ஏ-வின் இலக்கணமே அதுதான்: வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒரு கணமும் அணைவதில்லை, உச்சத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தை முன்கூட்டியே ஓடவிட்டு, சிக்னலுக்கு ஏற்ப அதை ஏற்றி இறக்குகிறது. இதில் ஒரு வேடிக்கை. ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி இந்த நிலையான 65 வாட்டிலிருந்துதான் பிரிந்து போக வேண்டும் என்பதால், கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் பாடும்போது கொஞ்சம் குளிரும், சும்மா இருக்கும்போதுதான் மிக அதிகமாகச் சுடும்.

இவ்வளவு விரயத்தை ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? மாற்று வழி அன்று மோசமாக இருந்தது. கிளாஸ் பி என்ற முறையில் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ் பாதியை இன்னொன்றும் பார்த்துக்கொள்ளும். வேலையில்லாதது அணைந்து ஓய்வெடுக்கும். உச்ச சக்தியில் 78 சதவீதம் வரை திறன் கிடைக்கும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் ஒன்று விட்டு இன்னொன்று பிடிக்கும் இடம், அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடம், கரடுமுரடாகிவிடும். கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்று சொல்வது இதைத்தான். இதன் கொடுமை, ஒலி குறையக் குறைய அது பெரிதாகத் தெரியும். உச்சத்தில் 50 வாட் ஓடும்போது பூஜ்யத்தின் அருகே ஒரு சின்னக் கீறல் யாருக்கும் கேட்காது. ஆறில் ஒரு பங்கு வாட்டில் ஆலாபனை ஓடும்போது அந்தக் கீறலே அலையில் கணிசமான பங்கு. நாம் எப்போதும் அரை வாட்டுக்குக் கீழேதானே இருக்கிறோம்! 1960-களின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பல, அளவுக் கருவியில் முழு சக்தியில் நல்ல எண்களைக் காட்டி, வீட்டில் மெல்லிய ஒலியில் கரகரத்தது இதனால்தான். சூடான ஆம்ப்ளிஃபயர்மேல் வந்த காதல் அந்தக் காயத்திலிருந்து பிறந்தது. அன்றைக்கு அது மூடநம்பிக்கை இல்லை.

நடுவழிதான் கிளாஸ் ஏபி. இரண்டு டிரான்சிஸ்டர்களையும் முழுக்க அணையவிடாமல் கொஞ்சம் மின்னோட்டத்தை எப்போதும் கசியவிடுவது; இந்தக் கசிவுக்குப் பயாஸ் என்று பெயர். எவ்வளவு? ஹியூலெட்-பேக்கார்டில் இருந்த பார்னி ஆலிவர் 1971-ல் இதற்கு ஒரு விடை சொன்னார். வெளியீட்டு டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஏறத்தாழ 26 மில்லிவோல்ட் நிற்குமாறு வைத்தால் கைமாற்றம் மிக மென்மையாக இருக்கும். 0.22 ஓம் ரெசிஸ்டர் என்றால் சுமார் 118 மில்லிஆம்பியர். மேலும் கீழும் சேர்த்து 70 வோல்ட் சப்ளை உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு சேனலுக்கு 8 வாட் சூடு. மூடி வெதுவெதுப்பாக இருக்கும், சுடாது. அந்த அளவுக்கு மேல் மின்னோட்டத்தைக் கூட்டினால் ஒலி இன்னும் நன்றாகும் என்று நினைப்பதும் தவறு. கூட்டினால் சிறு சிக்னலுக்கு இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து உழைக்கும், பெரிய சிக்னலுக்கு ஒன்று மட்டும் உழைக்கும். அந்த எல்லையைக் கடக்கும் போதெல்லாம் புதிதாக ஒரு திரிபு முளைக்கும். டக்ளஸ் செல்ஃப் தன் புத்தகங்களில் இதை அளவுகளோடு விரிவாகக் காட்டியிருக்கிறார். ‘ஹை பயாஸ் கிளாஸ் ஏபி’ என்று விளம்பரம் செய்யும் சூடான ஆம்ப்ளிஃபயர்களை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கிளாஸ் ஏ-வின் சுத்தமும் இல்லாமல், கிளாஸ் பி-யின் சிக்கனமும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டவை அவை.

இந்த 26 மில்லிவோல்ட்டைக் காப்பாற்றுவது லேசான காரியமும் இல்லை. டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடானால் அது திறக்கத் தேவையான வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் குறையும். பத்து டிகிரிக்கு 20 மில்லிவோல்ட். கவனிக்காமல் விட்டால், சூட்டால் மின்னோட்டம் கூடி, மின்னோட்டத்தால் சூடு கூடி, கடைசியில் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். இதைத் தடுக்க ஹீட் சிங்கில் ஓர் உணர்வுக் கருவியைப் பொருத்திச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் பிரிட்டனின் ஹண்டிங்டனில் இருந்த குவாட் கம்பெனியின் பீட்டர் வாக்கர் வேறு வழியில் யோசித்தார். 1975-ல் வந்த குவாட் 405-ல் சிறிய, துல்லியமான கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஒலியை ஆளும். பெரிய டிரான்சிஸ்டர்கள் கசிவு மின்னோட்டமே இல்லாமல் அணைந்து கிடந்து, கனத்த மின்னோட்டம் வேண்டும்போது மட்டும் எழுந்து கொட்டும். அவை கரடுமுரடாக எழுவதைச் சிறியது ஈடுகட்டிவிடும்படி ஒரு பாலச் சுற்று உள்ளே இருந்தது. ‘கரண்ட் டம்பிங்’ என்று பெயர். ஒரு சேனலுக்கு 100 வாட், செங்கல் போன்ற சின்ன உருவம், பயாஸ் சரிசெய்யும் திருகு கூடக் கிடையாது. 1978-ல் பிரிட்டிஷ் அரசியின் பெயரிலான தொழில் விருது இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஜேம்ஸ் மோய்ர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். வால்வு போட்ட குவாட் 2, டிரான்சிஸ்டர் போட்ட 303, கரண்ட் டம்பிங் 405 மூன்றையும் எது என்று சொல்லாமல் அனுபவமுள்ள காதுகளுக்குக் கேட்கவைத்தார்கள். புள்ளியியல்படி யாராலும் பிரித்தறிய முடியவில்லை. சூட்டுக்கும் சுவைக்கும் இருந்த முடிச்சு அப்போதே அவிழ்ந்துவிட்டது. பிரியர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

வால்வைப் பற்றி ஒரே வரி: இஎல்34 வால்வு ஒன்றின் இழையைச் சிவக்க வைக்க மட்டும் ஒன்பதரை வாட் போகிறது, நான்கு வால்வுக்கு 38 வாட், குளிர்ந்த ஆம்ப்ளிஃபயர் தேடுபவர் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

இப்போது கிளாஸ் டி. பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் நினைவிருக்கிறதா? சுவரில் பெரிய கறுப்புப் பெட்டி, உள்ளே தடைக் கம்பிச் சுருள், குறைந்த வேகத்தில் வைத்தால் தொட முடியாமல் சுடும். வேண்டாத மின்சாரத்தைத் தன்மேல் போட்டு எரித்துத்தான் அது ஃபேனை மெதுவாக்கியது. பின்னால் வந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தை நொடிக்கு நூறு முறை வெட்டி வெட்டி விடுகிறது; ஸ்விட்ச் பலகையின் மூலையில் அடங்கிப்போனது, சுடுவதில்லை. முழுதாக ஆன் ஆன ஸ்விட்சில் வோல்டேஜ் நிற்காது, முழுதாக ஆஃப் ஆனதில் மின்னோட்டம் ஓடாது. இரண்டின் பெருக்கலும் பூஜ்யம் என்பதால் சூடும் பூஜ்யத்தை நெருங்குகிறது. கிளாஸ் டி-யும் இதே தத்துவம்தான். வேகம்தான் வேறு. நொடிக்கு நாலு லட்சம், அஞ்சு லட்சம் முறை மேலும் கீழும் தட்டும் ஸ்விட்சுகள். ஒவ்வொரு தட்டும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதில்தான் இசை ஒளிந்திருக்கிறது. கடைசியில் ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி, தட்டலைச் சமன்செய்து அலையை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

யோசனை பழையது. பின்னாளில் குட்டிக் கம்ப்யூட்டர்களால் பெயர் பெற்ற க்ளைவ் சின்க்ளேர் 1964-லேயே எக்ஸ்-10 என்ற பெயரில் இப்படி ஒரு ஆம்ப்ளிஃபயரை விற்றார். அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. சொன்ன 10 வாட்டும் வரவில்லை, அக்கம்பக்கத்து ரேடியோக்களில் இரைச்சல் வேறு. வேகமான மாஸ்ஃபெட் ஸ்விட்சுகள் பரவலாகி மலிவானபின்தான் இந்த யோசனைக்கு உயிர் வந்தது. 1990-களின் இறுதியில் ட்ரைபாத் கம்பெனியின் டிஏ2020 என்ற சிப், விரல் அகலத்தில் இரண்டு சேனலையும் அடக்கி, பொம்மை போன்ற மலிவு ஆம்ப்ளிஃபயர்களில் புகுந்து ஹை-ஃபை உலகைத் திடுக்கிடவைத்தது.

விளம்பரங்கள் கிளாஸ் டி-க்கு 90 சதவீதத் திறன் என்று அச்சிடுகின்றன. பொய் இல்லை, ஆனால் அது முழு சக்தியில் ஓடும்போதைய எண். ஸ்விட்சுகளைத் தட்டவும் உள் சுற்றுகளை விழித்திருக்க வைக்கவும் அதற்கும் எப்போதும் சில வாட் வேண்டும். காத்திருப்பில் 8 வாட் இழுக்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் ஆறில் ஒரு பங்கு வாட்டை இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுக்கும்போது அதன் திறன் 4 சதவீதம்தான்! அதனால் சதவீதக் கணக்கை வீட்டில் கேட்பவர் ஒதுக்கிவிடலாம். பார்க்க வேண்டியது ஒரே எண்: ஆம்ப்ளிஃபயர் ஆன் ஆகி, பாட்டு ஓடாமல் இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது. கிளாஸ் ஏ-யில் அது 65 என்றும் 240 என்றும் இருக்கும். ஒழுங்கான கிளாஸ் ஏபி-யில் 20-லிருந்து 40. கிளாஸ் டி-யில் பெரும்பாலும் 15-க்குள். வீட்டுக் கேட்பில் ஆம்ப்ளிஃபயரின் சூட்டைத் தீர்மானிப்பது இந்தக் காத்திருப்புச் செலவுதான், பாட்டு அதில் கடுகளவு.

அப்படியானால் மலிவான கிளாஸ் டி பெட்டி ஒன்றை வாங்கி உயர்ந்த ஸ்பீக்கருக்கு மாட்டிவிடலாமா? இங்கேதான் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜாதகப் பொருத்தத்தைவிட இது கொஞ்சம் நம்பகமானது.

அந்தக் கடைசி வடிகட்டியைத் திரும்பப் பாருங்கள். காயிலும் கெப்பாசிட்டரும் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவற்றின் முன்னால் தொங்கும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை, அதாவது ஓமில் சொல்லும் அதன் மின்னெதிர்ப்பைப் பொறுத்தது. எளிய சிப் ஆம்ப்ளிஃபயரில் வடிகட்டியை 4 ஓமுக்கோ 8 ஓமுக்கோ கணக்கிட்டு வைத்திருப்பார்கள். எல்எஸ்3/5ஏ-யின் முதல் வடிவம் 15 ஓம். 1980-களின் பிற்பகுதியில் வந்த வடிவம் 11 ஓம். 40 கிலோஹெர்ட்ஸில் வெட்டும்படி 8 ஓமுக்குச் சரியாகப் போட்ட வடிகட்டியின் முன் 15 ஓம் சுமையை வைத்துக் கணக்கிட்டால், 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலி ஒன்றரை டெசிபெல் எழும்பும்; 4 ஓமுக்குப் போட்டிருந்தால் இரண்டுக்கு மேல். சலங்கையும் சிம்பலும் கொஞ்சம் கூடுதலாக மினுங்கும். மாறாக 8 ஓமுக்குப் போட்டதை 4 ஓம் ஸ்பீக்கருக்கு மாட்டினால் மேல் ஸ்தாயி மங்கும். ‘கிளாஸ் டி ஒலி கண்ணாடி மாதிரிக் கூசுகிறது’ என்று ஒருவரும் ‘இல்லை, மந்தமாக இருக்கிறது’ என்று இன்னொருவரும் ஒரே பெட்டியைப் பற்றிச் சண்டை போடுவதில் இருவர் பக்கமும் உண்மை இருக்கலாம். ஸ்பீக்கர் வேறு, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ப்ரூனோ புட்செய்ஸ். பிலிப்ஸில் இருந்தபோது அவர் உருவாக்கிய யூசிடி என்ற முறையில், வெளியீட்டைத் திரும்ப எடுத்து உள்ளீட்டோடு ஒப்பிடும் பின்னூட்டத்தை வடிகட்டிக்கு முன்னால் எடுக்காமல் அதற்குப் பின்னால், ஸ்பீக்கர் முனையிலிருந்தே எடுத்தார். வடிகட்டி செய்யும் பிழையையும் ஆம்ப்ளிஃபயர் பார்த்துத் திருத்திக்கொள்ளும். எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் ஒலியின் வடிவம் ஒரே மாதிரி இருக்கும். அதன் வாரிசுகள்தான் ஹைபெக்ஸின் என்கோர், 2019-ல் வந்த ப்யூரிஃபையின் ஐகன்டாக்ட் முதலியவை. கடைசியாகச் சொன்னதன் திரிபு அளவு, மிகச் சிறந்த ஆய்வகக் கருவிகளே தடுமாறும் அளவுக்குச் சிறியது. இதை வாங்கித் தங்கள் பெட்டிக்குள் வைத்து விற்கும் கம்பெனிகள் பல. நாட் எம்33 அவற்றில் ஒன்று. சிப் போட்ட மலிவு ஆம்ப்ளிஃபயர்களிலும் இப்போது சில, வடிகட்டிக்குப் பின்னிருந்து பின்னூட்டம் எடுக்கின்றன. விவரத்தாளில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது, ‘செழுமையான நடு ஸ்தாயி’ போன்ற நூறு வர்ணனைகளைப் படிப்பதைவிட மேல்.

பொருத்தத்தின் அடுத்த பாதி மின்னோட்டம். 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் என்றால் அதனால் 20 வோல்ட் தர முடியும் என்று பொருள். எல்எஸ்3/5ஏ-யின் 15 ஓமுக்கு அது 27 வாட்தான். இழுக்கும் மின்னோட்டம் 1.3 ஆம்பியர். எந்த ஆம்ப்ளிஃபயரும் வியர்க்காமல் தரும். ஆனால் எல்எஸ்50-ன் இம்பீடன்ஸ் பெயருக்கு 8 ஓம். ஓர் இடத்தில் 3.2 வரை சரியும். அங்கே அதே 20 வோல்ட்டுக்கு 6 ஆம்பியருக்கு மேல் வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்துச் சின்ன ஸ்பீக்கர்கள், தேவை ஏறத்தாழ ஐந்து மடங்கு வித்தியாசம். பெட்டியின்மேல் அச்சடித்த ‘8 ஓம்’ என்ற சொல்லை நம்பி ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கூடாது. மிகக் குறைந்த இம்பீடன்ஸ் எவ்வளவு என்ற எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம். ஸ்பீக்கர் வெறும் தடை இல்லை. அதன் காயிலும் அசையும் கூம்பும், ஒலியை ஒலிப்பான்களுக்குப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றும் மின்னாற்றலைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துத் திருப்பித் தள்ளும். அதனால் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது மின்னோட்டம் உச்சத்தில் இருக்காது. இரண்டும் கட்டம் பிசகி நடக்கும். 45 டிகிரி பிசகினால், முழு வீச்சில் ஓடும் கிளாஸ் ஏபி டிரான்சிஸ்டரின்மேல் விழும் உச்சச் சூடு, அதே ஓம் உள்ள வெறும் தடையை ஓட்டும்போது விழுவதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறும். தன்மேல் அதிக வோல்டேஜ் நிற்கும் நேரத்தில் பார்த்து மின்னோட்டமும் அதிகமாக ஓடுவதே காரணம். 3.2 ஓம் சரிவும் பிசகும் பக்கத்துப் பக்கத்தில் வரும் ஸ்பீக்கரை ஒரு மெலிந்த ஏபி ஆம்ப்ளிஃபயருக்குக் கட்டினால், குளிர்ந்திருந்த மூடி உரத்த ஒலியில் சூடேறும், பாதுகாப்புச் சுற்று இடையில் புகுந்து வெட்டும். கிளாஸ் டி-யில் ஸ்பீக்கர் திருப்பித் தள்ளும் ஆற்றலில் பெரும்பகுதி ஸ்விட்சுகள் வழியாகச் சப்ளைக்கே போய்ச் சேர்ந்துவிடும். கடினமான சின்ன ஸ்பீக்கருக்கு நல்ல கிளாஸ் டி ஏற்றது என்று நான் சொல்வதற்கு மின்கட்டணத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

நம் ஊருக்கென்று ஒரு பக்கமும் இருக்கிறது. மேலே சொன்ன லின்ஸ்லி ஹூட் ஆம்ப்ளிஃபயரின் ஒரு சேனலுக்கு வாட்டுக்கு 0.6 டிகிரி ஏறும் ஹீட் சிங்க் போட்டால், அது அறைச் சூட்டைவிட 20 டிகிரி மேலே நிற்கும். 20 டிகிரி லண்டன் அறையில் 40. ஏசி போடாத சென்னை மே மாத அறையில் 36 டிகிரி என்றால் 56. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. 16 டிகிரி வித்தியாசம், ஆயுளை மூன்றில் ஒரு பங்காக்கிவிடும். ஏசி போட்டால் கெப்பாசிட்டர் தப்பிக்கும், ஆனால் ஆம்ப்ளிஃபயர் கக்கும் ஒவ்வொரு வாட்டையும் ஏசி வெளியே தள்ள வேண்டும். அதற்குத் தனிச் செலவு. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்குபவர் பெரும்பாலும் இடம் குறைந்தவர். ஆம்ப்ளிஃபயர் டிவி ஸ்டாண்டுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய் அடையும். கிளாஸ் ஏ-வை அங்கே வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். ஏபி-க்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். கிளாஸ் டி மட்டும்தான் அந்த அடைசலைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அதற்கும் காற்றுத் துளைகளை மறைக்கக் கூடாது.

கிளாஸ் ஏ-வைக் கேவலமாகப் பேசுவது என் நோக்கமில்லை. குளிர்சாதன அறையில், எளிதான 15 ஓம் ஸ்பீக்கரோடு, மெல்லிய ஒலியில் கேட்பவருக்கு அந்த எளிய சுற்று இன்றும் அழகாகத்தான் பாடும். ஆனால் அதன் அழகுக்குச் சூடு காரணமில்லை. கைமாற்றம் இல்லாததுதான் காரணம். கைமாற்றத்தின் கரட்டை வேறு வழிகளில் நீக்கக் கற்றுக்கொண்டபின் சூட்டுக்குத் தனி மதிப்பு ஏதும் இல்லை.

கெஃப் கம்பெனியே தன் எல்எஸ்50-க்கு ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே வைத்துத் தர வேண்டி வந்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். 2016-ல் வந்த ஒயர்லெஸ் மாடலில் பேஸ் ஒலிப்பானுக்கு 200 வாட் கிளாஸ் டி, ட்வீட்டருக்கு 30 வாட் கிளாஸ் ஏபி. 2020-ல் வந்த இரண்டாம் மாடலில் அவை 280, 100 என்று ஆயின. சின்னப் பெட்டிக்குள் சூடு போக வழி குறைவு. கனத்த வேலையைக் கிளாஸ் டி-யிடம் கொடுத்துவிட்டார்கள்.

என் முடிவு இது. 84 முதல் 87 டெசிபெல் உணர்திறனுள்ள உயர்ந்த ரக புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு, வடிகட்டிக்குப் பின் பின்னூட்டம் எடுக்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர், 8 ஓமில் 80 முதல் 100 வாட், 4 ஓமில் அதன் இருமடங்கை நெருங்குவது. இதுவே முதல் தேர்வு. 11 ஓம், 15 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு ஒழுங்கான 50 வாட் கிளாஸ் ஏபி தாராளமாகப் போதும், அதுவும் சுடாது. கடையில் கேட்க வேண்டியவை மூன்று எண்கள்: காத்திருக்கையில் இழுக்கும் வாட், 4 ஓமில் தரும் வாட், உங்கள் ஸ்பீக்கரின் மிகக் குறைந்த ஓம். விற்பவருக்கு இவை தெரியாவிட்டால் விவரத்தாளைக் கேளுங்கள். அதிலும் இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.